கொடிக்கம்பியில் கட்டிய பொம்மை

என் வீட்டுக்காரர் வெட்டுமேசை மேல் குப்புறப் படுத்துக் கிடக்கிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எதிரே ஓர் அடி உயரப் பொம்மை ஒன்று ஒற்றைக் காலைத் தூக்கியபடி நிற்கிறது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதன் பாதத்தைப் பிடித்து அரை நூல் அளவுக்கு மேலே நகர்த்துகிறார். கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "ம், எடு சாமி" என்கிறார்.

மகள் கேமராவின் பொத்தானை அழுத்துகிறாள். டிக்.

மறுபடியும் அரை நூல். மறுபடியும் டிக்.

அந்தக் கட்டைவிரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகம் முழுக்கக் கறுப்பு. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு லாரியின் பின்கதவு நழுவி அதன் மேல் விழுந்தது. நகம் விழுந்து புது நகம் முளைத்தது. அதுவும் கறுப்பாகவே முளைத்தது. அவர் விரல் நீட்டி எதைக் காட்டினாலும் புதிதாக வருகிறவர்கள் முதலில் நகத்தைத்தான் பார்ப்பார்கள்.

லாரி கேபின் ஜன்னல்களுக்கு நான் குஞ்சம் கட்டிய கதையைச் சென்ற வாரம் இங்கே எழுதினேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ராசிபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "உங்கள் வீட்டுக்காரர் எந்நேரமும் முறைத்துக்கொண்டேதான் இருப்பாரா?" இல்லை தாயே. சிரித்துப் பார்த்திருக்கிறேன். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துப் பார்த்திருக்கிறேன். அதற்குச் சாட்சி அந்தப் பொம்மைதான்.

என்ஜின் பெட்டி மேல் ஒரு பை

நாமக்கல்லில் எங்களுக்கு லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. கம்பெனியிலிருந்து வெறும் சேஸ் வரும். நாலு சக்கரமோ பத்துச் சக்கரமோ, மேலே ஒன்றுமில்லாமல் எலும்புக்கூடாக வரும். அதன் மேல் இரும்பும் பலகையும் அடித்து முழு லாரியாக்கி அனுப்புவது அவர் வேலை. பட்டறையின் ஓரத்து அறையில் சீட்டுக்கு மெத்தை தைப்பதும், ரெக்சின் போர்த்துவதும், திரைச்சீலை போடுவதும் என் வேலை. இருபது வருடத்துக்கு மேலாக டிரைவர் சீட்டில் ஏறி ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு முறைகூட வண்டி நகர்ந்ததில்லை.

எங்கள் ஒரே மகள் மௌனிகா. பெயர் வைத்த ஜோசியரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாய் மூடாது.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். இன்ஜினியரிங் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, அவள் சென்னையில் அனிமேஷன் படிக்கப் போகிறேன் என்றாள். அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் எடுத்து, அது தானே நடக்கிற மாதிரி காட்டுவது. "பொம்மையை வெச்சு விளையாடறதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டவர், அதற்கப்புறம் அந்தப் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளை அனுப்பியது நான். நான் பொறுப்பு என்று நெஞ்சில் தட்டிச் சொல்லி அனுப்பினேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கடைசி வருடப் படம் தேறாவிட்டால் வீட்டுக்கு வந்து வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட வேண்டும். எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் பயிற்சி நிலையத்தின் வாசலில்தான் விழ வேண்டும். அதில் ஒன்றில் விண்ணப்பம் வாங்கி வந்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகியும் வைத்துவிட்டார். மகள் பெயரைத் தன் கையாலேயே எழுதியிருந்தார்.

அந்தக் கடைசி வருடப் படத்துக்காகத்தான் அவள் ஊருக்கு வந்தாள். லாரியும் பட்டறையும் வருகிற கதை, அதனால் இங்கேயே எடுக்கப் போகிறேன் என்றாள். களிமண் மாதிரி ஒரு மாவில் செய்த பொம்மையைப் பையில் வைத்துக் கொண்டுவந்தாள். சேலத்தில் ரயில் இறங்கி பஸ் ஏறியிருக்கிறாள். கூட்டம். டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் பெட்டி இருக்கிறதே, அதன் மேல் பையை வைத்துவிட்டு, டிரைவரிடம் பேசிக்கொண்டே வந்திருக்கிறாள்.

வீட்டில் பையைத் திறந்தபோது உள்ளே பொம்மை இல்லை. என்ஜின் சூட்டில் இளகிய துவையல் இருந்தது. அதில் இரண்டு கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன.

படத்தை ஒப்படைக்க இன்னும் பதினெட்டு நாள். முதலில் நான் சிரித்துவிட்டேன், தப்புதான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். பேசப் பழகியதிலிருந்து முதல்முறையாக மௌனிகா பேசாமல் இருந்தாள். ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவதாக அங்கேயே நேர்ந்துகொண்டேன்.

"அழாத. லாரி சீட்டுக்கே மெத்தை தைக்கறவ, ஒரு அடிப் பொம்மைக்குத் தைக்க மாட்டனா?" என்றேன். வாய் இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன். பொம்மை எப்படிச் செய்வது என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

பத்து டன் தாங்கும் இடுப்பு

மகள் விளக்கினாள். பொம்மைக்கு உள்ளே ஒரு கம்பிக்கூடு வேண்டும். முழங்கை, முழங்கால், இடுப்பு, கழுத்து என எங்கே வளைத்தாலும் வளைய வேண்டும். வளைத்த இடத்தில் அப்படியே நிற்கவும் வேண்டும். கையை எடுத்தபின் மயிரிழைகூடத் திரும்பக் கூடாது. ஆயிரம் தடவைக்கு மேல் வளைப்போம், ஒடியவும் கூடாது.

"அட, சேஸ்!" என்றேன். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் அதற்கு சேஸ் என்றே பெயர்.

நேராக வெல்டர் சின்னுசாமி அண்ணனிடம் போனேன். அவர் கட்டாத லாரி இந்த மாவட்டத்தில் ஓடுவது கஷ்டம். காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்தேன். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சாயந்திரம் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். கை அப்படியே கீழே இறங்கிவிட்டது. ஜாக்கியைத் தூக்கினால் அப்படித்தான் இறங்கும்.

அறுகோணக் கம்பியில் முதுகெலும்பு. தோளுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பு. முழங்காலுக்குப் பின்கதவின் கீல். இடுப்பில் சின்னதாக இரண்டு பட்டை, லாரிக்குக் கீழே வைக்கிற வில்பட்டை மாதிரி.

"இது எதுக்குங்கண்ணா?" என்று கேட்டேன்.

"பள்ளத்துல எறங்குனா குலுங்காது தங்கச்சி" என்றார். "பத்து டன் ஏத்திக்கலாம்."

மௌனிகா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் உட்கார்ந்தேன். சின்னுசாமி அண்ணனுக்குக் கோபம். பிறகு அவரும் சிரித்தார். அந்த எலும்புக்கூடு இன்றைக்கும் பட்டறை வாசலில் நிற்கிறது. மழைக்காலத்தில் அதன் கையில் குடை மாட்டுகிறோம். இம்மி வளைந்ததில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் போகும்போது அந்த இடுப்பு வெல்டிங்கை ஒரு தடவை தடவிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

கொடி அறுத்த நாள்

அடுத்து, மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடையிலிருந்து தாமிரக் கம்பி வாங்கி வந்தேன். நாலு இழையை முறுக்கியதும் சேஸ் அழகாக வந்தது. தங்க நிறம். வளைத்தால் குழந்தை மாதிரி சொன்ன பேச்சைக் கேட்டது. ஒரு நாள் முழுக்க அதைக் கும்பிடு போட வைத்தும், கன்னத்தில் கை வைக்க வைத்தும் விளையாடினோம். மறுநாள் முழங்கை விறைத்துக்கொண்டது. அதற்கடுத்த நாள் பட்டென்று ஒடிந்தது. தாமிரம் வளைக்க வளைக்க இறுகிவிடுமாம். காயில் கடைக்காரருக்கு இது முன்பே தெரியும். எதற்கு என்று நீங்கள் சொல்லியிருந்தால் தடுத்திருப்பேனே என்றார்.

அலுமினியம்தான் சரி என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சென்னையிலிருந்து வரவழைக்கலாம், ஆறு நாள் ஆகும். ஆறு நாளுக்கு எங்கே போக?

அன்று காலை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய நனைந்த பேன்ட் கனம். கொடிக்கம்பி தொய்ந்தது. எடுத்து வேறிடத்தில் போட்டேன். தொய்ந்த இடம் தொய்ந்தபடியே நின்றது. கையால் நிமிர்த்தினேன், நிமிர்ந்தது. வளைத்தேன், வளைந்தது. விட்டேன், அப்படியே நின்றது.

எங்கள் வீட்டுக்கு மின்கம்பத்திலிருந்து வந்த பழைய சர்வீஸ் ஒயர் அது. புது ஒயர் மாற்றியபோது பழையதை வீணாக்காமல் கொடியாகக் கட்டியிருந்தோம். கறுப்புத் தோலை உரித்தால் உள்ளே சுத்த அலுமினியம். இத்தனை வருடமாக அதன் மேல் உள்பாவாடையைக் காயப்போட்டிருக்கிறேன்!

கத்தியே விட்டேன். கீழே போய்க் கட்டிங் பிளேயர் எடுத்து வர எனக்குப் பொறுமை இல்லை. அவசரத்தில் துணிகளை எடுக்கவும் தோன்றவில்லை. கொக்கியிலிருந்து கழற்றி இழுத்ததில் மூன்று பேருடைய ஒரு வாரத் துணியும் புழுதியில் விழுந்தது. அவர் மேலே வந்து பார்த்தார். ஈரத் துணிக் குவியலுக்கு நடுவில் நான் உட்கார்ந்து, பல்லால் ஒயரின் தோலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்புள்ள, புத்தி கித்தி பெசகிப்போச்சா?" என்றார்.

"கெடைச்சுருச்சுங்க!" என்றேன். அவருக்கு என்ன கிடைத்தது என்று புரியவில்லை. எனக்கு விளக்க நேரமில்லை. பேன்ட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.

இரண்டு இழையை டிரில்லிங் மிஷினின் வாயில் கவ்வக் கொடுத்து, மறுமுனையை மகள் பிடித்துக்கொள்ள, மிஷினை ஓட்டினால் முறுக்கு ஏறியது. எலும்பு வருகிற இடத்தில் குழாய் ஒழுகினால் பிசைந்து அடைப்போமே, அந்த இருநிறப் பசையைப் பூசி இறுக வைத்தோம். மூட்டு வருகிற இடத்தை மட்டும் வெறும் கம்பியாக விட்டோம். ஒவ்வோர் உள்ளங்காலிலும் ஒரு நட்டு. மேடைக்கு அடியிலிருந்து போல்ட் போட்டு முறுக்கினால் பொம்மை ஒற்றைக்காலிலும் நிற்கும். கணுக்காலுக்கு இரண்டு இழை தடிமனாகத் தெரிந்ததால் ஒற்றை இழையே விட்டேன். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த லட்சணம் என்ன செய்தது என்று பின்னால் வருகிறது.

ரெக்சின் போர்த்திய ரோஷக்காரி

சதை என் ராஜ்ஜியம். சீட்டுக்குப் போடும் ஸ்பாஞ்சை மெல்லிய நாடாவாக அறுத்து, கம்பி மேல் சுற்றி, நூலால் இறுக்கினேன். தொடை, இடுப்பு, தோள் எல்லாம் வந்தன. தோலுக்கு என்ன? கண் முன்னால் சுருள் சுருளாக ரெக்சின். மாநிறத்தில், நல்ல கெட்டி ரெக்சின். பத்து வருடம் கேரண்டி.

தைத்து முடித்தபோது பொம்மைப் பெண் பளபளவென்று புது லாரி சீட்டாக இருந்தாள். கையை மடக்கினால் ரெக்சின் விடைத்துக்கொண்டு தள்ளியது. தள்ளியதில் கை தானாக விரிந்து மௌனிகா கன்னத்தில் பொளேரென்று ஒன்று விட்டது. என் மகளை நான்கூட அடித்ததில்லை.

ரெக்சினைக் கழற்றிவிட்டு, துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகியிருந்த என் பழைய உள்பாவாடையை வெட்டித் தோல் தைத்தேன். கொடியோடு சேர்ந்து உள்பாவாடையும் பொம்மைக்குள் போனது என்று மகள் கேலி செய்தாள்.

சேலை விஷயத்தில் மகள் கண்டிப்பாக இருந்தாள். நெசவு ஊரான இளம்பிள்ளையில் எடுத்த என் அரக்குச் சேலையிலிருந்து ஒரு துண்டு வேண்டும் என்றாள். அது எனக்கு உயிர். வேறு எத்தனையோ துண்டு கிடக்கிறதே என்று மல்லுக்கு நின்றேன்.

"இல்லீங்ம்மா, அதேதான் வேணும்" என்றாள். அப்புறம் பொம்மையின் மோவாயில் மையால் ஒரு புள்ளி வைத்தாள். வலது கையை மடக்கி இடுப்பில் ஊன்ற வைத்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள்.

என் மோவாயில் மச்சம் உண்டு. இடுப்பில் கை ஊன்றாமல் நான் நின்று யாரும் பார்த்ததில்லை.

கதையை அப்போதுதான் சொன்னாள். பட்டறையில் சீட்டுக்கு மெத்தை தைக்கிற ஒருத்தி. ஒரு நாள் ஊசியை வைத்துவிட்டு எழுந்து, தான் தைத்த சீட்டில் தானே ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அவ்வளவுதான் படம்.

சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது. அரக்குச் சேலையை நானே கிழித்துக் கொடுத்தேன், முந்தானையிலிருந்தே.

எலுமிச்சம்பழம்

எங்கள் பட்டறையில் எந்த வண்டியும் பூஜை போடாமல் வெளியே போகாது. மாலை போட்டு, சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முதலாளி கை வைத்த பிறகு வண்டி அதை நசுக்கிக்கொண்டு நகரும். படப்பிடிப்பு ஆரம்பிக்கும் நாள் காலையில் சின்னுசாமி அண்ணன் கையில் இரண்டு எலுமிச்சம்பழத்தோடு வந்தார்.

"சேஸ் கட்டியாச்சு, பாடி கட்டியாச்சு. பூஜை போடாம எப்படி உடறது?" என்றார்.

தகரத்தில் அவரே செய்த பொம்மை லாரி ஒன்றும் தயாராக இருந்தது. அதற்கும் மாலை, இவளுக்கும் மாலை. எல்லாரும் கூடினோம். முதலாளி கை வைக்க வேண்டுமே? என் வீட்டுக்காரரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். இத்தனை நாள் அந்த அறைக்குள் கால் வைக்காத மனிதர், பூஜை என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

பொம்மையின் இரண்டு பாதத்துக்கும் அடியில் இரண்டு பழம். பழம் நசுங்க வேண்டும். பொம்மைக்கு ஏது கனம்? "நீங்க அமுக்குங்க" என்றார் அண்ணன். இவரும் லாரி நினைப்பிலேயே, அந்தக் கறுத்த நகக் கட்டைவிரலை அவள் தலையில் வைத்து ஓர் அமுக்கு அமுக்கினார்.

பழம் நசுங்கவில்லை. டக்கென்று ஒரு சத்தம். வலது கணுக்கால் ஒடிந்து, பொம்மை பக்கவாட்டில் சாய்ந்தது.

சூடம் மட்டும் எரிந்தது. ஒப்படைக்க ஆறு நாள் இருந்தது.

"பரவால்லீங்ப்பா" என்றாள் மௌனிகா. சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள்.

அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று வருடம் பேசாமல் சாதித்ததை ஒரு விரலில் முடித்துவிட்டீர்களே, இப்போது திருப்தியா, அந்த விண்ணப்பத்தை எடுத்து வாருங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று அத்தனை பேர் முன்னாலும் கொட்டித் தீர்த்தேன். கல்யாணமானதிலிருந்து அவரை அப்படிப் பேசியதில்லை.

அவர் ஒடிந்த காலைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"கணுக்காலுக்கு ஒத்தக் கம்பி உட்டது ஆரு?" என்றார்.

நான்தான் என்றேன்.

"முழு லோடும் அங்கதான புள்ள எறங்கும்? லட்சணம் பாத்தா கட்டறது?" என்றார். அப்புறம் தடிமன் அளக்கிற வெர்னியரை எடுத்து வரச் சொன்னார்.

அதற்கப்புறம் நடந்ததை என்னவென்று சொல்வேன்! மேசையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கணுக்காலைப் பிரித்து இரண்டு இழை முறுக்கிச் செருகினார். செருகிய இடத்திலிருந்து வழுக்கி வராமலிருக்க லாரியின் டீசல் குழாயில் ஒரு துண்டு வெட்டி உறை போட்டார். திருப்பிப் பார்த்தார். பிறகு முழங்காலைக் காட்டி, அதையும் பிரி என்றார். முழங்கால் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். பிரி என்றார். தோள், கழுத்து, இடுப்பு என்று நான் இரண்டு நாள் தைத்ததை ஒரு மணி நேரத்தில் பிரித்துப் போட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டே மறுபடியும் தைத்தேன். பின்பக்கம் போன மௌனிகா ஓசைப்படாமல் வந்து, அவருக்குக் கம்பி பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் வழக்கம்போல வாய் ஓடத் தொடங்கியது. ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் எவ்வளவு நகர வேண்டும், கனமான ஆள் எப்படி ஏறுவான், களைத்தவள் எப்படி எழுவாள் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

"அப்ப இது விளையாட்டு இல்லையாட்டம் இருக்குதே" என்றார் அவர், கம்பியைப் பார்த்தபடியே.

வெல்டிங் நின்ற பட்டறை

படுதாவைக் கட்டி ஜன்னலை மறைத்தோம். விளக்கு வைத்தோம். முதல் பத்துப் படத்திலேயே புதுச் சிக்கல் வந்தது. வெளியே வெல்டிங் வைக்கும்போதெல்லாம் விளக்கு மங்கியது. படத்தில் பட்டறையே கண் சிமிட்டியது.

அவர் வெளியே போய், மாலை நாலு மணி வரை வெல்டிங் கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தார். லாரிப் பட்டறையில் வெல்டிங் கிடையாது! ஆடி மாதத்தில்கூட அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. திருச்செங்கோட்டிலிருந்து வண்டியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒருவர் சத்தம் போட வந்தார். இவர் உள்ளேயிருந்து, "சித்த இருங்க, அவ ஏறிட்டு இருக்கறா" என்றார். யார் ஏறுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தவர், அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். போகும்போது என் காதில், இடது கை இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தால் தேவலை என்று யோசனையும் சொன்னார்.

மகள் கேமராவில் இருப்பாள். நான் சேலை மடிப்பைப் பார்ப்பேன். நகர்த்துவது அவர். பொம்மை படியில் கால் வைத்து ஏறும் இடத்தில்தான் வெட்டுமேசை மேல் குப்புறப் படுத்துக் கிடந்தார். அந்த ஒரு காலைத் தூக்கவே அரைப் பகல் ஆனது. கால் மேலே போய்ப் படியில் பதிந்ததும், எடுத்ததையெல்லாம் மகள் ஓட்டிக் காட்டினாள். ஒன்றரை விநாடி. கொடிக்கம்பியும் உள்பாவாடையும் ஸ்பாஞ்சுமாக இருந்த ஒன்று, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானே படியேறியது. அப்போதுதான் சிரித்தார். படுத்தபடியே, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர.

பொம்மை லாரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, சக்கரத்துக்கு அடியில் கெட்டியாக ஏதாவது வைக்க வேண்டும் என்று மகள் சொன்னாள். அவர் வீட்டுக்குள் போய் ஒரு தாளை எட்டாக மடித்துக்கொண்டு வந்து செருகினார். மடிப்பின் ஓரத்தில் அவர் கையெழுத்தில் 'மௌனி' என்பது வரை தெரிந்தது. நான் சேலை மடிப்பைப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

திரையில் ஒரு விரல்

கல்லூரியில் படங்களைத் திரையிடும் நாளில் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆறு பிள்ளைகளுடைய படம் முடிந்து எங்கள் மகளுடையது வந்தது. அரக்குச் சேலைக்காரி ஊசியை வைத்தாள். எழுந்தாள். இடுப்பில் கை ஊன்றினாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் என் இடுப்பிலிருந்த கையை எடுத்துவிட்டேன். அவள் படியேறினாள், ஸ்டியரிங்கைப் பிடித்தாள், போயே போய்விட்டாள். கை தட்டினார்கள்.

மதிப்பெண் போட வந்திருந்த அம்மா ஒருவர் மட்டும் தட்டவில்லை. படத்தைப் பின்னுக்கு ஓட்டச் சொன்னார். இன்னும் பின்னுக்கு. அங்கே நிறுத்துங்கள் என்றார்.

பொம்மை கால் தூக்கிய இடம். திரையின் இடது ஓரத்தில், அவள் பாதத்துக்கு அடியில், பெரிதாக ஒரு கட்டைவிரல். கறுத்த நகம். ஒரே ஒரு படத்தில். எல்லாம் சரியாகச் செய்தவர், அந்த ஒரு தடவை கையை இழுக்கத் தாமதித்திருக்கிறார்.

பக்கத்தில் அவர் அந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கி மறைத்துக்கொண்டார்.

"இது யாருடைய விரல்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"எங்கப்பாதுங்க மேடம்" என்றாள் மௌனிகா.

"கவனிக்காம விட்டுட்டீங்களா? ஒரே ஃபிரேம்தானே, அழிக்கத் தெரியாதா?"

"தெரியுங்க மேடம். நாலு தடவை அழிச்சுப் பாத்தேன்" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். எங்கள் மகள் பேச்சை நிறுத்துவது அபூர்வம். "அழிச்சா அவ ஏற மாட்டேங்கறா."

அந்த அம்மா திரையைப் பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஏதோ எழுதிவிட்டு, தேர்ச்சி, அது அப்படியே இருக்கட்டும் என்றார்.

நான் மகளைப் பார்ப்பதா, ஆஞ்சநேயரை நினைப்பதா என்று திணறிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. மூன்று வருடமாக அந்தப் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மனிதர் எழுந்து நின்றார். அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, கறுத்த நகத்தை உயர்த்தித் திரையைக் காட்டினார்.

"ஏனுங்க மேடம், அதை இன்னொருக்கா போடறீங்களா?" என்றார்.